எச்.ஆர். வேலையில் 11 வருடம். இனி தொழில் உளவியலில் சான்றிதழ் படித்தால் பலன் உண்டா?

ஓரகடத்தாள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 36. பி.ஏ. வரலாறு, பிறகு திருச்சியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை); சிறப்புப் பாடம் பணியாளர் நிர்வாகமும் தொழிலுறவும். படிப்பு முடிந்த கையோடு ஓரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எச்.ஆர். பிரிவில் சேர்ந்து 11 வருடம் அங்கேயே இருந்துவிட்டேன். கேன்டீன் சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்ற புகாரிலிருந்து சம்பள ஒப்பந்தப் பேச்சுவார்த்தை வரை எல்லாம் பார்த்தாயிற்று. புதிதாக ஆள் எடுப்பது கடைசி ஆறு வருடம் முழுக்க என் பொறுப்பில் இருந்தது. வருடத்துக்கு 300 டிப்ளமா பையன்களையாவது நேர்முகத்தில் பார்த்திருப்பேன்.

கணவருக்கு மிச்சிகனில் வேலை அமைந்ததால் இரண்டு வருடமாக நோவை நகரில் இருக்கிறோம். எச்-4 விசா, அதாவது கணவரைச் சார்ந்து வருபவருக்கான விசா. வேலை அனுமதி அட்டை போன மார்ச்சில்தான் கைக்கு வந்தது. அதன் பிறகு 43 இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். இரண்டு இடத்திலிருந்து தொலைபேசியில் பேசினார்கள். இரண்டிலுமே "இந்த நாட்டில் வேலை பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டதோடு பேச்சு முடிந்துவிட்டது.

இந்த நிலையில்தான் ஒரு பல்கலைக்கழகத்தின் 'கிராஜுவேட் சர்டிபிகேட்' கண்ணில் பட்டது. தொழில், நிறுவன உளவியல், அதாவது வேலையிடத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தை ஆராயும் துறை; முழுக்க ஆன்லைன். ஐந்து பாடம், பாடத்துக்கு 3 கிரெடிட், ஆக 15. கிரெடிட்டுக்கு 700 டாலர், மொத்தம் 10,500. ஒன்றரை வருடத்தில் முடிக்கலாம் என்கிறார்கள். புள்ளியியலும் ஆய்வு முறைகளும், பணியாளர் தேர்வு, பயிற்சி, வேலையில் ஊக்கம், நிறுவன நடத்தை என்று பாடங்கள்.

"பத்தாயிரம் போடுவதென்றால் இன்னும் கொஞ்சம் போட்டு முதுகலையாகவே படித்துவிடேன்" என்கிறார் கணவர். மாமியார் வீடியோ அழைப்பில் கேட்டது இது: "எம்.எஸ்.டபிள்யூ. படித்தவளுக்கு மறுபடியும் சர்டிபிகேட் கோர்ஸா? தையல், டைப்ரைட்டிங் மாதிரியா?" சிரித்துவிட்டேன், ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

இதை இங்கே யாராவது மதிப்பார்களா? படித்தால் என்னை உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ளலாமா? கடைசியாகக் கணக்குப் போட்டது பத்தாம் வகுப்பில். பிளஸ் டூவில் வரலாறு குரூப். புள்ளியியல் பாடத்தில் மூழ்கிவிடுவேனா? படித்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

டல்லாஸ் தாத்தா எழுதியது:

அம்மா, 27 வருடம் இந்த நாட்டில் எச்.ஆர். பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களை யாரும் திறமையில்லாதவர் என்று ஒதுக்கவில்லை. இந்த நாட்டுச் சட்டம் தெரியாதவர் என்று ஒதுக்குகிறார்கள். ஓவர்டைம் யாருக்கு உண்டு, மருத்துவ விடுப்பு எத்தனை வாரம், ஊனமுற்ற ஊழியருக்கு என்ன ஏற்பாடு செய்து தர வேண்டும் என்று கேட்டால் டக்கென்று சொல்ல வேண்டும். அதற்கு எஸ்.எச்.ஆர்.எம். என்ற எச்.ஆர். துறையினர் சங்கம் நடத்தும் சி.பி. தேர்வை எழுதுங்கள். நாலு மாதம் படித்தால் போதும். செலவும் இதில் ஒரு சிறு பங்குதான்.

பிறகு சிறிய வேலையானாலும் உள்ளே நுழையுங்கள். நுழைந்த பின் படியுங்கள். வருடத்துக்கு 5,250 டாலர் வரை நிறுவனம் படிப்புக்குக் கொடுத்தால் அது உங்கள் வருமானமாகக் கணக்கில் வராது என்று இங்கே வரிச் சட்டமே இருக்கிறது. பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. உங்கள் 10,500ஐ இரண்டாகப் பிரித்துப் பாருங்கள், கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

நூற்பாலைக்காரன் எழுதியது:

சகோதரி, நான் அந்தப் படிப்பைப் படித்தவன். உங்கள் கதைக்கும் என் கதைக்கும் தூரம் அதிகமில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தேன். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆவது பிரிவு சொன்னது. எனக்கு வேலை கொடுத்தது அந்தப் பிரிவுதான். ஆலை முதலாளிக்கு என்னால் என்ன பயன் என்பது கடைசிவரை அவருக்கும் விளங்கவில்லை. பிறகு மனைவியின் வேலைக்காக ஓஹையோ வந்தேன். ஒரு கிடங்கில் இரவு ஷிப்டில் பெட்டி அடுக்கிக்கொண்டே ஐந்து பாடச் சான்றிதழை முடித்தேன். இரண்டு வருடம் கழித்து அதே பல்கலைக்கழகத்தில் முதுகலை. இப்போது ஆள் எடுக்கும் தேர்வுகளை வடிவமைக்கும் ஒரு குழுவில் இருக்கிறேன்.

முதலில் மாமியார் கேள்விக்குப் பதில். தமிழில் எல்லாவற்றுக்கும் 'சான்றிதழ்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் படும் பாடு இது. டல்லாஸ் ஐயா சொல்வது ஒரு தொழில் அமைப்பு நடத்தும் தேர்வு. எழுதித் தேறினால் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொள்ளலாம். குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நீங்கள் கேட்பது பல்கலைக்கழகப் படிப்பு. முதுகலை மாணவர்கள் உட்காரும் அதே வகுப்பில் நீங்களும் உட்காருவீர்கள், அதே வீட்டுப்பாடம், அதே மதிப்பெண். முதுகலை 36 கிரெடிட் வாக்கில் இருக்கும் என்றால் அதில் 15ஐ வெட்டி எடுத்துத் தனியாகத் தருகிறார்கள். தையல் வகுப்பு இல்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள். (தையலும் லேசான வேலை இல்லை. எங்கள் ஆலையை ஒட்டிய ஆயத்த ஆடைப் பிரிவில் காலர் தைப்பவரைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் நாங்கள் விழித்தது எனக்குத்தான் தெரியும்.)

இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் வேலை கிடைக்குமா? கிடைக்காது. பத்து நிறுவனத்தில் ஒன்பதில் அது என்னவென்றே தெரியாது. அந்த வகையில் டல்லாஸ் ஐயா சொன்ன வரிசை சரி: உள்ளே நுழைய அவர் சொன்ன தேர்வு, நுழைந்த பின் இந்தப் படிப்பு.

உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்தப் பட்டம் மாநில உரிமத்தோடு கட்டிப்போட்டது. பெரும்பாலான மாநிலங்களில் முனைவர் பட்டம் வேண்டும். நானும் சொல்லிக்கொள்வதில்லை. என் அட்டையில் 'மதிப்பீட்டு ஆய்வாளர்' என்றுதான் இருக்கிறது. இந்தத் துறையில் முதுகலையோடு நிற்கும் பெரும்பாலோர் இப்படி வேறு பெயரில்தான் வேலை செய்கிறார்கள்.

சேரும் முன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இந்த 15 கிரெடிட்டும் முதுகலைக்கு அப்படியே செல்லுமா, எத்தனை வருடத்துக்குள் என்று எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னால் போதாது; நான் வாயால் கேட்டு நம்பியதில் ஒரு பாடம் கழன்றுபோனது, அது தனிக் கதை. உங்கள் பி.ஏ. மூன்று வருடம் என்பதால் சில இடங்களில் முகம் சுளிப்பார்கள், எம்.எஸ்.டபிள்யூ.வையும் சேர்த்துச் சான்று மதிப்பீடு செய்து அனுப்புங்கள். எச்-4இல் இருந்துகொண்டே படிக்கலாம், விசா மாற்ற வேண்டாம். பிறகு, "எங்கள் தொழில் உளவியல் படிப்பு அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றது" என்று எந்த விளம்பரமாவது சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அந்தச் சங்கம் சிகிச்சை, ஆலோசனை, பள்ளி உளவியல் படிப்புகளுக்குத்தான் அங்கீகாரம் தருகிறது. இந்தத் துறைக்குத் தருவதே இல்லை. பல்கலைக்கழகத்துக்கு வட்டார அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். உங்கள் மிச்சிகன் பக்கம் அது 'ஹையர் லேர்னிங் கமிஷன்'. சையாப் என்று ஓர் அமைப்பு, உளவியல் சங்கத்தின் 14ஆவது பிரிவு, இந்தத் துறைப் படிப்புகளின் பட்டியலைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

இதெல்லாம் நிர்வாகச் சமாசாரம். படிப்பில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்ல வந்தது அதைத்தான்.

ஊக்கம் பற்றிய பாடம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிய மாஸ்லோவின் ஏணியையும், விளக்கு வெளிச்சத்தை மாற்றி உற்பத்தியைக் கவனித்த ஹாதார்ன் ஆலைச் சோதனையையும் நீங்கள் எம்.எஸ்.டபிள்யூ.விலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள். என்னை உலுக்கியது பணியாளர் தேர்வுப் பாடத்தின் முதல் வீட்டுப்பாடம்: 'ஏதாவது ஒரு வேலையை எடுத்துப் பகுப்பாய்வு செய்க.' கிடங்கில் என் பக்கத்து மேசையில் ஓர் அம்மையார் பொட்டலத்தில் முகவரி ஒட்டுகிறவர். அவரை எடுத்துக்கொண்டேன். மேற்பார்வையாளரிடம் போய், "இந்த வேலைக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும்?" என்று கேட்டேன். "பொறுப்பானவர், சுறுசுறுப்பானவர், கூட்டாக வேலை செய்பவர்." எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பேராசிரியர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதித் திருப்பினார்: 'இது மாப்பிள்ளை தேடும் விளம்பரம்.' அவர் எழுதியது ஆங்கிலத்தில், அவர் ஊர் வழக்கில், பொருள் இதுதான்.

பிறகு ஃபிளானகன் என்பவரின் முறையைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் திட்டத்தில் இருந்தவர். 1954இல் அதை ஒரு முறையாக எழுதி வைத்தார். ஆள் எப்படி என்று கேட்காதே, என்ன நடந்தது என்று கேள் என்பதுதான் அதன் சாரம். கடைசியாக எப்போது ஒருவர் இந்த வேலையை அசத்தலாகச் செய்தார், எப்போது சொதப்பினார், அப்போது சூழ்நிலை என்ன, அவர் சரியாக என்ன செய்தார், அதனால் என்ன ஆனது. அதே மேற்பார்வையாளரிடம் மறுநாள் இரவு இப்படிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "போன வியாழக்கிழமை லேபிள் சுருள் மாற்றிய பிறகு அஞ்சல் எண் ஒரு வரி கீழே இறங்கி அச்சானது. பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அவள் மூன்றாவது பெட்டியிலேயே பெல்ட்டை நிறுத்திவிட்டாள். மற்ற ஷிப்டில் இதே கோளாறு 200 பெட்டி தாண்டித்தான் தெரிந்தது."

பொறுப்பும் சுறுசுறுப்பும் போன இடம் தெரியவில்லை. சிறிய மாற்றத்தைக் கண் பிடிக்க வேண்டும்; தன் அதிகாரத்தில் பெல்ட்டை நிறுத்தும் துணிவு வேண்டும். இவற்றைச் சோதிக்கலாம். பத்து லேபிளைக் கொடுத்து எதில் பிசகு என்று கேட்கலாம்.

அன்று காலை ஷிப்ட் முடிந்து காரில் உட்கார்ந்தபோது எனக்கு எங்கள் ஆலைதான் நினைவுக்கு வந்தது. நூல் நூற்கும் ரிங் பிரேம் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சைடர் வேலைக்கு வரும் பெண்பிள்ளைகளிடம் நாங்கள் கேட்டது: எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். அந்த வேலையின் உயிர், அறுந்த இழையை, சுழன்றுகொண்டிருக்கும் ஸ்பிண்டிலில் பிணைப்பது. பிணைக்கச் சொல்லி ஒருவரையும் நாங்கள் பார்த்ததில்லை. இரண்டு மாதத்தில் பாதிப் பேர் ஊருக்குத் திரும்பினால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று அறிக்கை எழுதினேன். எழுதியவன் நான்தான்.

ஆலை என்றதும் இன்னொன்று. இந்தத் துறை முழுக்க வெள்ளைக்காரர் சரக்கு என்று நினைத்துத்தான் போனேன். பாடத்தில் அகமதாபாத் கேலிகோ மில் வந்தது. புதிய தானியங்கித் தறிகளைப் போட்டும் உற்பத்தி எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. லண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்திலிருந்து ஏ.கே. ரைஸ் வந்து பார்த்தார். அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுபவர் ஒருவர், எண்ணெய் விடுபவர் ஒருவர், பாவு ஏற்றுபவர் ஒருவர் என்று வேலை துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தது. எந்தத் தறிக்கும் சொந்தக்காரர் இல்லை. சில தறிகளுக்கு ஒரு சிறு குழு என்று அமைத்தார்கள். குழுவை யார் யாரோடு சேர்வது என்று தொழிலாளர்களே முடிவு செய்தார்கள். உற்பத்தி ஏறியது, துணிச் சேதம் குறைந்தது. 1953இல் அதை ரைஸ் கட்டுரையாக எழுதினார். தறிக்கூடத்தின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அதை ஓஹையோவில் படிப்பது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஓரகடத்தாள் எழுதியது:

அண்ணா, இரண்டு முறை படித்தேன். டல்லாஸ் ஐயாவுக்கும் நன்றி, தேர்வுக்குப் பதிவு செய்யப்போகிறேன்.

ஒன்று கேட்கலாமா? நேர்முகத்தில் ஆளைப் பார்த்தவுடன் எனக்கு ஓரளவு தெரிந்துவிடும். 11 வருடப் பழக்கம். அதற்கும் மதிப்பில்லை என்று இந்தப் படிப்பு சொல்லுமா? புள்ளியியல் பயம் பற்றியும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணாநகர் இரண்டாவது அவென்யூ எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. இங்கே இக்னோவின் எம்.ஏ. உளவியலில் இரண்டாம் வருடம் தொழில், நிறுவன உளவியலைச் சிறப்புப் பிரிவாக எடுக்க வழி இருந்தது. நானும் அப்படிப் படித்தவள்தான். ஆனால் உளவியலைத் தொலைதூர, ஆன்லைன் வழியில் நடத்தக் கூடாது என்று 2025இல் யு.ஜி.சி. சொல்லிவிட்டது. எனவே பழைய பதிவுகளைப் பார்த்து ஏமாற வேண்டாம், நேரடிக் கல்லூரிகளை விசாரியுங்கள். மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். அது சிகிச்சை உளவியல் பக்கம், நமக்கு இல்லை.

நூற்பாலை அண்ணா சொன்ன அகமதாபாத்துக்கும் முன்பே ஓர் இழை இருக்கிறது. இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான ஹியூகோ முன்ஸ்டர்பர்க், பாஸ்டன் டிராம் ஓட்டுநர்களுக்குத் தேர்வு வடிவமைத்தவர். ஹார்வர்டில் அவரிடம் படித்த நரேந்திரநாத் சென்குப்தாதான் 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழக உளவியல் துறையின் முதல் தலைவர்.

நூற்பாலைக்காரன் எழுதியது:

அண்ணாநகர் அம்மா, டிராம் செய்தி தெரியும். சென்குப்தா செய்தி எனக்குப் புதிது. நன்றி.

சகோதரி, உங்கள் கேள்விக்கு எண்ணிலேயே பதில் இருக்கிறது. கேட்கக் கொஞ்சம் கசக்கும்.

தேர்வில் ஒருவர் வாங்கிய மதிப்பெண்ணும், பிறகு வேலையில் அவர் செயல்பட்ட விதமும் எவ்வளவு ஒட்டிப் போகின்றன என்பதற்கு ஒட்டுறவுக் கெழு என்று ஓர் எண். நம் ஊர்ப் பாடநூலிலேயே இந்தப் பெயர்தான். 0 என்றால் ஒட்டே இல்லை. 1 என்றால் ஜாதகம் அப்படியே பலித்தது. 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இருவர் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்முகத்துக்கு 0.38. எல்லோரிடமும் ஒரே கேள்வியை, வேலையிலிருந்து எடுத்த கேள்வியைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்முகத்துக்கு 0.51. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வதற்கு 0.02. அனுபவ வருடங்களுக்கு 0.18. உங்களுடைய 11க்கும் என்னுடைய 9க்கும் சேர்த்துத்தான்.

2022இல் சாக்கெட்டும் கூட்டாளிகளும் அந்தக் கணக்கையே மறுபடி கிளறினார்கள். பழையவர்கள் ஒரு திருத்தத்தை அளவுக்கு மீறிச் செய்துவிட்டார்கள் என்றார்கள். அது என்ன திருத்தம் என்றால்: மருத்துவக் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் நுழைவுத் தேர்வில் உச்சத்தைத் தொட்டவர்கள். அவர்களுக்குள் மட்டும் பார்த்தால் நுழைவு மதிப்பெண்ணுக்கும் பிறகு வரும் திறமைக்கும் தொடர்பே இல்லாத மாதிரி தெரியும். தோற்றவர்கள்தான் வகுப்பிலேயே இல்லையே. அதை ஈடுகட்ட எண்ணைக் கொஞ்சம் உயர்த்திப் போடுவார்கள். எவ்வளவு உயர்த்தலாம் என்பதில்தான் சண்டை. புதுக் கணக்கில், எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்கும் கட்டமைத்த நேர்முகம் 0.42க்கு இறங்கியும் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. மனம்போன நேர்முகம் 0.19க்குப் போய்விட்டது.

நீங்கள் இப்போது படித்தது புள்ளியியல்தான். ஒட்டுறவு, ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் தொடர்புப் போக்கு, மறுபடி அளந்தாலும் அதே விடை வருமா என்ற நம்பகத்தன்மை. இவற்றைச் சுற்றியே அந்தப் பாடம் நடக்கும். பெருக்கல் வகுத்தலைக் கணினி பார்த்துக்கொள்ளும். வகுப்பில் தோற்றவர் இல்லையே என்று கேட்கத் தெரிந்தால் போதும், அதை வரலாறு படித்தவர் நன்றாகவே கேட்பார். கல்வெட்டு வெட்டிவைத்தவன் யார், வெட்ட வழியில்லாமல் போனவன் யார் என்று கேட்டுப் பழகியவர்தானே நீங்கள்? நானும் முதல் மூன்று வாரம் இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து அழாத குறைதான். நாலாவது வாரம் பிடிபட்டது.

சட்டப் பகுதியும் உங்களுக்குப் பிடிக்கும். 1971இல் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் என்று ஒரு தீர்ப்பு. வட கரோலினாவில் ஒரு மின் நிலையத்தில் நல்ல பிரிவுக்கு மாற வேண்டுமானால் பள்ளி இறுதிச் சான்று வேண்டும், தேர்வு எழுத வேண்டும் என்று வைத்தார்கள். கறுப்பினத் தொழிலாளர்கள் வடிகட்டப்பட்டார்கள். அந்த வேலைக்கு அந்தச் சான்று எதற்கு என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. நிறுவனத்திடம் பதில் இல்லை. 1978 வழிகாட்டு நெறிகளில் ஐந்தில் நாலு பங்கு என்று ஒரு கணக்கு வந்தது. 50 ஆண்கள் விண்ணப்பித்து 25 பேரை எடுத்தால் பாதி. 40 பெண்களில் 12 பேரை எடுத்தால் 30 சதவீதம். 30ஐ 50ஆல் வகுத்தால் 0.6. இது 0.8க்குக் கீழே போனால் அந்தத் தேர்வின் மேல் சந்தேகக் கண் விழும். உங்கள் தொழிற்சாலையில் டிப்ளமாவில் எத்தனை சதவீதம் கேட்டீர்கள்? அரியர் இருந்தால் ஒதுக்கினீர்களா?

சேர்வதற்கு முன் ஒரு பரீட்சை வைக்கிறேன், காசு கிடையாது. ஓரகடத்தில் இன்னும் உங்களோடு பேசும் லைன் லீடர் ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரே ஒரு நிகழ்வைக் கேட்டு வாங்குங்கள். 'நல்ல பையன்' என்ற சொல் அதில் வரக் கூடாது. அதைக் கேட்டு முடித்ததும் இன்னொன்று கேட்க வேண்டும் என்று தோன்றினால் பணம் கட்டுங்கள். தோன்றாவிட்டால் டல்லாஸ் ஐயாவின் தேர்வோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நல்ல வேலையே கிடைக்கும்.

ஓரகடத்தாள் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

இங்கே இரவு 10 மணி என்றால் அங்கே காலை 7:30. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் நேரம். எங்கள் பழைய லைன் லீடர் அக்காவைப் பிடித்தேன். முதலில் வழக்கம்போல, "நல்ல பையனாக இருந்தால் போதும் மேடம்" என்றார். விடாமல், "ஒரு நாள், ஒரு சம்பவம் சொல்லுங்கள்" என்றேன்.

மூன்று வருடம் முன்பு நடந்ததாம். பிரேக்கில் காலிப்பர் என்ற பாகத்துக்குப் போல்ட் முறுக்கும் இடத்தில் ஒரு பையன். டார்க் ரெஞ்சில் முறுக்கிக்கொண்டே போனால் சரியான இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டால் அடுத்த போல்ட். அன்று விடிகாலை 4 மணி வாக்கில் அவன் கையை எடுத்துவிட்டு நின்றானாம். ஏன் என்று கேட்டதற்கு, "கிளிக் வந்துவிட்டது அக்கா, ஆனால் கை இன்னும் இறுகவில்லை" என்றிருக்கிறான். அதற்கு முன் தான் முறுக்கிய ஒன்பது பாகங்களையும் தேடி எடுத்துச் சிவப்புத் தட்டில் வைத்துவிட்டான். லைன் 12 நிமிடம் நின்றது, சூப்பர்வைசர் சத்தம் போட்டார். ரெஞ்சைச் சோதித்தபோது ஸ்பிரிங் தளர்ந்து குறைந்த இறுக்கத்திலேயே கிளிக் அடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒன்பதும் தளர்வு. பிரேக் பாகம், அண்ணா.

இதை எழுதிக்கொண்டு, "யார் அக்கா அந்தப் பையன்?" என்று கேட்டேன். "நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பையன்தான் மேடம். வாயே திறக்க மாட்டேன் என்கிறான் என்றீர்களே. அப்புறம் ஆள் பற்றாக்குறை என்று ஒப்பந்தக்காரர் மூலம் உள்ளே வந்தான்" என்றார்.

நேர்முகத் தாளை வடிவமைத்ததே நான்தான். தோற்றம் 10, பேச்சு 10, தன்னம்பிக்கை 10, குடும்பப் பின்னணி 10, டிப்ளமா மதிப்பெண் 10. அரியர் இருந்தால் நேர்முகமே கிடையாது. அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் அவனுக்கு மதிப்பெண் போட்டிருப்பேன் என்று இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவிடம் இன்னும் நாலு சம்பவம் வாங்கிவிட்டேன். வேறு இரண்டு லைன் லீடர்களின் எண்ணும் கிடைத்தது.

கிரெடிட் மாற்றம் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். 15ம் செல்லும், ஆறு வருடத்துக்குள் என்று எழுத்தில் பதில் வந்திருக்கிறது. இப்போதைக்கு ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் பணம் கட்டுகிறேன், புள்ளியியல். மீதி நாலும் வேலை கிடைத்த பிறகு, டல்லாஸ் ஐயா சொன்ன 5,250 கணக்கில். கணவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். பாடநூல் புதிய பதிப்பு 140 டாலர் என்கிறார்கள், பழைய பதிப்பு வாங்கினால் சமாளிக்க முடியுமா?

நூற்பாலைக்காரன் எழுதியது:

முந்தைய பதிப்பு தாராளமாகப் போதும். வீட்டுப்பாடக் கணக்குகளின் எண் வரிசை மட்டும் மாறியிருக்கும். வகுப்பில் யாரிடமாவது அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மென்பொருளுக்கும் காசு போட வேண்டாம், மாணவர்களுக்குப் பல்கலைக்கழகமே கொடுக்கும். இல்லாவிட்டால் 'ஆர்' இலவசம்.

அந்த நேர்முகத் தாளின் நகல் கிடைத்தால் பத்திரமாக வையுங்கள், பணியாளர் தேர்வுப் பாடத்தில் தேவைப்படும். அடுத்த முறை அக்காவிடம் பேசும்போது சொதப்பிய சம்பவமும் இரண்டு கேளுங்கள். அவற்றைச் சொல்ல வைப்பதுதான் கஷ்டம். பஸ் வரும் நேரத்தில் கேட்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை அழையுங்கள்.